தெருவிளக்கின் கீழ் கதிர் வராத நெல்

கேள்வி: சம்பா வயல் முழுக்கக் கதிர் வந்துவிட்டது; தெருவிளக்கின் கீழ் மட்டும் பச்சையாகவே நிற்கிறது. யூரியா போடலாமா?

பதில்: வேண்டாம், இது உரக்குறைவு அல்ல. நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் இரவு நீண்டால்தான் பூக்கும். விடிய விடிய வெளிச்சம் விழுந்தால் கதிர் தள்ளிப்போகும். யூரியா போட்டால் பயிர் சாயும், பூச்சியும் கூடும். அந்தப் பகுதியைத் தனியே விட்டு, முற்றியபின் அறுக்கவும். முற்றாத நெல் கலந்தால் மொத்த நெல்லுக்கும் விலை குறையும்.

தெருவிளக்கு கிராம ஊராட்சியின் பொறுப்பு. அணைக்கச் சொன்னால் ஊர் ஒப்பாது. இரவில் நடப்பவர்களுக்கு அது வேண்டும். வயல் பக்கம் தகர மறைப்பு வைத்து, வெளிச்சத்தைச் சாலைக்குத் திருப்பினாலே போதும். 2022-ல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேயிலும் விளக்குகளுக்கு மூடிதான் போடுகிறார்கள். ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுத்து, தீர்மானமாகப் பதியச் செய்யவும். கம்பத்தில் தாமே ஏற வேண்டாம்.