புத்தகக்கடைக் காதல் கதைகளும் நோயாளியின் படுக்கையும்

நோயாளியின் தலைமாட்டில் காதல் நாவல் ஒன்று கிடந்தால், பார்க்க வரும் உறவினருள் சிலர் முகம் சுளிக்கின்றனர். இந்த நிலையிலும் இதுவா என்பது அவர்கள் கேள்வி. மருத்துவர் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

புத்தகக்கடையைக் களமாகக் கொண்ட மென்மையான காதல் நாவல்கள் ஆங்கிலத்தில் இப்போது மிகுதியாக வெளிவருகின்றன. நலிந்த கடை, மனம் நொந்து வந்து சேரும் ஒருவர், மெல்ல அரும்பும் அன்பு. முடிவு முன்பே தெரிந்துவிடும். அதைக் குறையாகச் சொல்வோர், திசுப் பரிசோதனை முடிவுக்காக நாள் எண்ணிக் காத்திருந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இவ்வகைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கிறிஸ்டோபர் மார்லி 1917இல் எழுதிய ‘பர்னாசஸ் ஆன் வீல்ஸ்’ என்னும் அமெரிக்க நாவலில், எழுத்தாளரான சகோதரனுக்குச் சமைத்துப் போட்டே பண்ணை வீட்டில் காலம் கழித்த ஹெலன், 400 டாலருக்கு ஒரு குதிரை வண்டிப் புத்தகக்கடையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறாள். அதை விற்றவர் மீதே காதலும் கொள்கிறாள். நோயாளிக்குத் துணையாக மாதக்கணக்கில் இருப்போருக்கு இந்நூலையே முதலில் சொல்வேன். தமக்கென ஓர் ஆசை எழுவதையே குற்றமென எண்ணும் மனைவியரையும் மகள்களையும் வார்டில் நாள்தோறும் காண்கிறோம்.

சதோஷி யாகிசாவாவின் ஜப்பானிய நாவலில், காதலனால் ஏமாற்றப்பட்ட தகாகோ, டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியில் தன் மாமாவின் பழைய புத்தகக்கடை மாடியில் வந்து தங்குகிறாள். தொடக்க நாள்களைப் பெரும்பாலும் உறங்கியே கழிக்கிறாள். படிக்கத் தொடங்குவது அதற்குப் பின்னரே. களைத்த உடல் முதலில் கேட்பது உறக்கத்தைத்தான். புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள்.

நினா ஜார்ஜின் ‘தி லிட்டில் பாரிஸ் புக்‌ஷாப்’ நாவலில், சேன் நதிப் படகொன்றில் ‘இலக்கிய மருந்தகம்’ நடத்தும் பெர்டு, மனநோவு அறிந்து நூல் தருகிறார். அழகிய கற்பனை, ஆயினும் நூல் மருந்தன்று. அந்தப் பெர்டுவே, காதலியின் கடிதத்தைப் பிரிக்க அஞ்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் மூடியே வைத்திருக்கிறார். நோயுற்றிருந்த அவள் தன்னைக் காண வருமாறு அழைத்திருந்தது மிகப் பிந்தியே தெரிகிறது. பிரிக்கப்படாத பரிசோதனை அறிக்கையோடு காலம் கடந்து வருவோரை அறிந்த எனக்கு, இதை வெறும் காதல் கதையென ஒதுக்க இயலவில்லை.

அட்டையை மட்டும் பார்த்து வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. கேப்ரியல் ஸெவின் எழுதிய ‘தி ஸ்டோரீட் லைஃப் ஆஃப் ஏ.ஜே. ஃபிக்ரி’யில் தீவுப் புத்தகக்கடையும் காதலும் உண்டு. இறுதியில் நாயகனுக்கு மூளைக் கட்டியும் உண்டு. நரம்பியல் பிரிவில் இருப்பவருக்கு அறியாமல் கொடுத்துவிடாதீர்கள்.

கண் சோர்வுள்ளோருக்கு அருகில் அமர்ந்து தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டலாம். ஒரு வேளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அடுத்த படுக்கையில் இருப்பவரும் உறங்க வேண்டும்.