சாக்குப்பை பசங்க

ப்ராஜெக்ட்டுக்காக வடசென்னையில வீடு வீடா சர்வே எடுத்தோம். "குப்பையைப் பிரிச்சுப் போடுறீங்களா?"ன்னு கேட்டா எல்லாருமே "ஆமா தம்பி". வாசல்ல பார்த்தா ஒரே பக்கெட், சோத்துக்குள்ள பால் கவர். வீட்டிலேயே பிரிக்கணும்னு விதி 2016-லேயே வந்தாச்சு!

"ஏரியாவுல தப்பு பண்ற பசங்க இருக்காங்களா?" இது அடுத்த கேள்வி. நிறைய பேர் கை காட்டியது, சாக்குப்பையோடு பாட்டில் பொறுக்கும் சிறுவர்களை. அந்தத் தெருவில் நிஜமாக மறுசுழற்சிக்கு வேலை செய்வது அவர்கள்தான். அதுக்காக அவங்களைப் பாராட்டவும் மனசு வரல. கிளாஸ்ல இருக்க வேண்டிய வயசு. தெருவில் வாழும், சட்டத்துக்குப் புறம்பாக வேலையில் இருக்கும் பிள்ளைகளை, 2015 சிறார் நீதிச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோர்' என்கிறது. நாங்க தயாரிச்ச ஃபார்ம்ல 'குற்றம்'னு ஒரு கட்டம் மட்டும்தான் இருந்துச்சு. அதுல டிக் அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.