குறி தப்புவது கையா, அம்பா?

மூங்கில் வில்லோடு களமிறங்கும் சிறுவர்களின் தலையெழுத்தை, யாரும் அளந்து பார்க்காத ஒரு விஷயம் தீர்மானிக்கிறது: அம்பின் விறைப்பு

ஜார்க்கண்டின் கிராமத்து மைதானங்களிலும், ராஜஸ்தானில் உதய்பூரைச் சுற்றியுள்ள பழங்குடிப் பகுதிகளிலும் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. பன்னிரண்டு வயதுச் சிறுமி மூங்கில் வில்லை இழுக்கிறாள். நிற்கும் விதம் சரி, பார்வை சரி, விரல் விடுவதும் சரி. ஆனால் அம்பு இடது பக்கம் போகிறது. அடுத்ததும் இடது. அதற்கடுத்ததும் இடது. "கையை அசைக்காதே" என்று அதட்டல் வருகிறது. ஒரு மாதம் இப்படியே போனால் சிறுமி வேறு விளையாட்டுக்குப் போய்விடுவாள், அல்லது மாடு மேய்க்க.

தவறு அவள் கையில் இல்லாமலிருக்கலாம். அம்பு அவள் வில்லுக்குப் பொருந்தாததாக இருக்கலாம்.

வலது கைக்காரர் வில்லை இடது கையில் பிடிக்கிறார். அம்பு வில்லின் இடப்புறம் ஒட்டி நிற்கிறது. நாண் நேராக வில்லின் நடுவை நோக்கிப் பாயும்போது, நடுவே தடித்த கைப்பிடி நிற்பதால் அம்பு இடப்பக்கம் தள்ளப்பட வேண்டும். கணக்குப்படி எந்த அம்பும் இலக்கை அடையக் கூடாது. ஆனால் அடைகிறது. இந்தப் புதிருக்கு 1930களில் அதிவேகப் படப்பிடிப்பு விடை சொன்னது. நாணிலிருந்து புறப்படும் அம்பு நேராக இருப்பதில்லை, வளைகிறது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். நெளியும் பாம்பு போல வில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, அதை உரசாமல் வெளியேறி, நேர்வழிக்குத் திரும்புகிறது.

இந்த நெளிவு சரியான அளவில் நடக்க வேண்டும். அம்பு மிக விறைப்பாக இருந்தால் போதிய அளவு வளையாது; கைப்பிடியில் உரசி இடது பக்கம் ஓடும். மிகத் துவண்டதாக இருந்தால் அளவுக்கு மீறி வளைந்து வலது பக்கம் விலகும். இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். இந்த விறைப்பைத்தான் வில்லாளிகள் 'ஸ்பைன்' என்கிறார்கள்.

தொழிற்சாலையில் தயாராகும் அலுமினியம், கார்பன் அம்புகளின் மீதே விறைப்பு எண் அச்சிடப்பட்டிருக்கும். மரத்துக்கும் மூங்கிலுக்கும் அந்த வசதி இல்லை. ஒரே மரத்தில் சீவிய இரண்டு தண்டுகள்கூட ஒரே மாதிரி வளைவதில்லை. மூங்கிலில் அடிப்பக்கத்துக்கும் நுனிப்பக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு, கணுக்கள் வேறு.

தடிமனின் ஆட்டம்தான் பெரியது. விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மர அம்புகளில் வழக்கமான 11/32 அங்குலத் தண்டுக்குப் பதிலாக 5/16 அங்குலத் தண்டை எடுத்தால் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே குறைகிறது; விறைப்போ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. உப்புத்தாளை நாலு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்தாலே அம்பின் குணம் மாறிவிடும்.

அளப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மர அம்புகளுக்கான பழைய முறை எளிமையானது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நட்டநடுவில் 2 பவுண்டு, அதாவது சுமார் 907 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். தண்டு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று பார்த்து, 660ஐ அந்த எண்ணால் வகுத்தால் விறைப்பு பவுண்டில் கிடைக்கும். 13 மில்லிமீட்டர் இறங்கினால் சுமார் 50 பவுண்டு வில்லுக்கான அம்பு. 22 மில்லிமீட்டர் என்றால் 30 பவுண்டு. சுவரில் இரண்டு ஆணி, ஒரு ஸ்கேல், தண்ணீர் நிரப்பி நிறுத்த ஒரு பாட்டில்: இதுதான் மொத்தச் செலவு.

வில்லின் பலத்தையும் இப்படியே அளந்துவிடலாம். பழைய பேப்பர் வாங்குபவர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியை நாணில் மாட்டி இழுத்தால் போதும். ஆனால் எதுவரை இழுப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடை வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்தால் வருவது. சிறுமியின் கை 24 அங்குலம்தான் இழுக்கிறது என்றால் அவளுக்கு அது இன்னும் லேசான வில். ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 2 முதல் 3 பவுண்டு குறையும். பெரியவர்களுக்கு வாங்கிய அம்பு அவளுக்கு இரும்புக் கம்பி போலத்தான்.

மற்ற விவரங்களும் உண்டு. நீளமான அம்பு அதிகம் வளையும். வெட்டிக் குறைத்தால் விறைக்கும். ஓர் அங்குலத்துக்கு சுமார் 5 பவுண்டு வித்தியாசம் என்பது வில்லாளிகளின் தோராயக் கணக்கு. முனையில் கனமான இரும்பு வைத்தால் தண்டு துவளும். கைப்பிடி தடித்த வில்லுக்குச் சற்றுத் துவண்ட அம்பே நல்லது, சுற்றி வரவேண்டிய தூரம் அதிகம் என்பதால். மரத் தண்டில் ஆண்டு வளையங்களின் ஓரம் வில்லை நோக்கி இருக்கும்படி நாண் பள்ளம் வெட்டுவார்கள். விறைப்பான பக்கம் அதுதான். விரிசல் விட்ட தண்டை எய்வது ஆபத்து. உடைந்த சிம்பு கையைத் துளைத்துவிடும்.

கடைசித் தீர்ப்பு மைதானத்தில். ஒரே விறைப்புள்ள அம்புகளில் ஒன்றை மட்டும் இறகில்லாமல் விட்டு, பக்கத்திலிருந்து எய்து பார்க்க வேண்டும். இறகு அம்பின் தவறைத் திருத்தி மறைத்துவிடும். மொட்டை அம்பு உண்மையைச் சொல்லும். வலது கைக்காரருக்கு அது மற்றவற்றின் இடப்புறம் விழுந்தால் விறைப்பு அதிகம், வலப்புறம் விழுந்தால் குறைவு.

இதெல்லாம் பொழுதுபோக்கு சமாச்சாரமல்ல. இந்தியாவில் மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்ட்' என்ற போட்டிப் பிரிவு இருக்கிறது. 50 மீட்டர், 30 மீட்டர் தூரங்களில் எய்கிறார்கள். சர்வதேசத் தரமுள்ள வில்லின் விலை லட்சங்களில் போகும் நாட்டில், ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வாசல் இதுதான். உதய்பூர் மாவட்டப் பழங்குடிக் குடும்பத்தின் லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகித்தான் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனார். ராஞ்சியின் ஆட்டோ ஓட்டுநர் மகள் தீபிகா குமாரியும் மூங்கிலில் தொடங்கியவரே. 2010 காமன்வெல்த் போட்டியில் அவருக்கு இரண்டு தங்கம்.

அந்த வாசலில் நிற்கும் பிள்ளைகளைத் தேர்வு செய்பவர்கள் பார்ப்பது, அம்பு எங்கே விழுகிறது என்பதை மட்டுமே. கட்டாக வாங்கிய பத்து அம்புகளில் மூன்று விறைப்பு, நான்கு துவளல் என்றிருந்தால், அவை இலக்கெங்கும் சிதறத்தான் செய்யும். அது திறமைக்கான பரீட்சை அல்ல, குலுக்கல் சீட்டு.

மரத்தில் உட்கார்ந்த பறவையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார் துரோணர். பறவையின் கண் மட்டும் என்று சொன்ன அர்ச்சுனன் தேறினான், மற்றவர்கள் தேறவில்லை. சீடர்களின் அம்புகளை வளைத்துப் பார்த்ததாகக் கதை சொல்லவில்லை. அரண்மனைப் பிள்ளைகளுக்கு நல்ல அம்பு கிடைத்திருக்கும். மைதானத்துச் சிறுமிக்கு அந்த உத்தரவாதமில்லை. அவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், இரண்டு ஆணிகளுக்கு நடுவில் அவளுடைய அம்பை ஒருமுறை கிடத்திப் பார்ப்பது நியாயம்.