ரெண்டு நாள் எம்.சி.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் கால் வைக்க இடம் கிடைக்காது. சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு என்று எங்கு திரும்பினாலும் நம் பிள்ளைகள்தாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவர்கள், போனில் தாயாரோடு பேசுகிறவர்கள், சும்மா நாலு தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். சந்தைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில், இடது கையால் தோசையைப் பிய்க்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருந்தான் ஒரு தம்பி. வலது கையில் கட்டு. ஜொகூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. தகப்பனார் இன்னமும் குலை வெட்டுகிறாராம்.

"என்ன தம்பி ஆச்சு?"

"கம்பி விழுந்துடுச்சுண்ணே. எட்டு மாசமாச்சு. விரல் மடங்கல. போன வாரம் மறுபடியும் ஆபரேஷன்."

"அப்ப எத்தனை நாள் எம்.சி. கொடுத்தாங்க?"

"ரெண்டு நாள். அப்புறம் லைட் டியூட்டி."

"கம்பெனி மனிதவள அமைச்சுக்குச் சொல்லிச்சா?"

"தெரியலைண்ணே. டாக்டர் ஃபீஸெல்லாம் அவங்கதான் கட்டினாங்க. நல்ல முதலாளிதான்."

முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். நாம் கேட்பது அந்த ரெண்டு நாளைப் பற்றித்தான். உடைந்த கை ரெண்டு நாளில் கூடுமா? இந்தக் கேள்வி சிங்கப்பூர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது என்பதை நம் தோட்டத்துக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2011 செப்டம்பரில் ஒரு கட்டுமானத் தொழிலாளி வேலையிடத்தில் விழுந்து வலது கையில் அடிபட்டார். அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை செய்த எலும்பு மருத்துவர் டாக்டர் வோங் ஹிம் சூன் அவருக்கு எழுதிக் கொடுத்த விடுப்பு ரெண்டு நாள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் இலகு வேலை என்று சீட்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் 'ஹோம்' என்ற அமைப்பு சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தது. ஒழுங்கு விசாரணைக் குழு டாக்டர் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. மருத்துவ மன்றம் அதோடு நிற்காமல் மேல்முறையீடு செய்தது. 2016-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, டாக்டரை ஆறு மாதம் தொழில் செய்யக்கூடாது என்று நிறுத்திவைத்தது. 2019-இலும் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. எலும்பு முறிந்த தொழிலாளிக்குப் போதிய விடுப்புக் கொடுக்காத இன்னொரு டாக்டருக்கு ஐந்து மாதத் தடை.

நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: இலகு வேலை என்று சீட்டு எழுதினால் மட்டும் போதாது. அந்த மனிதர் போகிற இடத்தில் அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா, ஓய்வெடுத்து உடம்பு தேற வசதி இருக்கிறதா என்று டாக்டர் நோயாளியிடமே பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடம் கட்டுகிற இடத்தில் இலகு வேலை என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? துடைப்பத்தைக் கையில் கொடுப்பார்கள். பத்து மணிக்குமேல், "அந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிப்பா" என்பார்கள். பிடிக்காவிட்டால் மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அட, ரெண்டு நாளோ இருபது நாளோ, காயம் காயந்தானே என்று கேட்கலாம். அப்படியில்லை. சட்டம் நாள் கணக்கில் நடக்கிறது. சிங்கப்பூரில் அந்தக் காலத்து விதிப்படி, வேலையில் அடிபட்டவருக்கு மூன்று நாளுக்கு மேல் விடுப்புக் கிடைத்தாலோ, அவர் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலோதான் முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ரெண்டு நாள் எம்.சி. கிடைத்து ஒருவர் வீடு திரும்பிவிட்டால், ஏட்டில் விபத்தே நடக்கவில்லை! குத்தகைக்காரருக்கு அடுத்த வேலை கிடைக்க இந்தச் சுத்தமான ஏடு எவ்வளவு உதவும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. எல்லா டாக்டர்களையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டர் ஃபீஸை முதலாளி கட்டுகிறார், முதலாளியின் ஆளே நோயாளியோடு கூட வந்து பக்கத்தில் நிற்கிறார் என்னும்போது, எழுதுகிற பேனா எந்தப் பக்கம் சாயும் என்ற சந்தேகம் வருவது இயற்கை.

அந்த ஓட்டையை 2020 செப்டம்பர் 1 முதல் அடைத்துவிட்டார்கள். 2019-ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. இப்போது ஒரு நாள் எம்.சி. என்றாலும், வெறும் இலகு வேலைச் சீட்டு என்றாலும் முதலாளி தெரிவித்தே ஆக வேண்டும். இலகு வேலை நாள்களில் சம்பளம் குறைந்தால் அதற்கும் ஈடு உண்டு. ஆகவே அந்தத் தம்பியின் ரெண்டு நாளும் கணக்கில் ஏறியிருக்க வேண்டியவையே.

தோட்டத்தில் இருக்கிறவர்கள், "இது சிங்கப்பூர்ச் சமாச்சாரம், நமக்கென்ன" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மலேசியாவில் சொக்சோவிலும் நாள் கணக்குத்தான். வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கியவருக்கு நாளுக்குச் சராசரிக் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். அதற்கு விடுப்பு நாலு நாளாவது இருக்க வேண்டும். மூன்று நாள் சீட்டு வாங்கி வந்தவருக்கு அந்தப் பணம் கிடையாது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவுக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் காலைப் பெரட்டில் நின்றுகொண்டு, "காய்ச்சலுங்க" என்றால், டிரஸ்ஸர் ஐயா கையைத் தொட்டுப் பார்த்து, மாத்திரை ஒன்றைக் கொடுத்து நிரைக்கு அனுப்பிய கதையை நம் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். டிரஸ்ஸர் சீட்டுக்கு இருந்த பயம் இன்று எம்.சி. தாளுக்கு வந்திருக்கிறது. அது டாக்டர் போடுகிற பிச்சையில்லை, முதலாளி காட்டுகிற தயவுமில்லை. வலி குறையவில்லை என்றால், "இந்த வேலை என்னால் முடியாதுங்க, அங்கே இலகு வேலையும் கிடையாது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் குற்றம் ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். சிங்கப்பூரில் உடல் உழைப்பு வேலை செய்கிற எவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் அடிபட்டது என்றால் போதும். வீட்டிலிருந்து மருந்து சாப்பிடுகிறவருக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி விடுப்பில் இருப்பவருக்கு முதல் 60 நாள் முழுச் சம்பளம், அதற்குமேல் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த விபத்தானால், முழு நிரந்தர ஊனத்துக்கு 116,000 வெள்ளியிலிருந்து 346,000 வெள்ளி வரை. உயிர் போனால் குடும்பத்துக்கு 91,000-லிருந்து 269,000 வரை. வைத்தியச் செலவு 53,000 வரை. ஒரு விரல் மடங்காமல் போனாலும் டாக்டர் போடுகிற ஊன விழுக்காட்டுக்குத் தக்கபடி தொகை உண்டு. இதை விட்டுவிட்டு, "ரெண்டாயிரம் வாங்கிக்க, கையெழுத்துப் போடு, ஊருக்குப் போ" என்றால் போய்விடுவதா?

கேட்க வேண்டிய கெடு விபத்து நடந்ததிலிருந்து ஓராண்டு. வக்கீல் வைத்து வழக்குப் போடுவது வேறு வழி. அதற்கு மூன்றாண்டுக் கெடு. அங்கே முதலாளியின் கவனக்குறைவை நாம் காட்ட வேண்டும். ஜெயித்தால் தொகை கூடலாம், தோற்றால் செலவுதான் மிச்சம். ஒரே காயத்துக்கு முதலாளியிடம் இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. யோசித்து ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

டாக்டரின் தப்பால் கை கெட்டது என்றால் அது மூன்றாவது சங்கதி, கடினமானதும்கூட. டாக்டர் செய்தது சரியா என்பதை நீதிமன்றம் பெரும்பாலும் மற்ற டாக்டர்களின் கருத்தை வைத்தே எடைபோடும். ஆனால் 2022 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டம் ஒன்றைத் தெளிவாக்கியிருக்கிறது: சிகிச்சையைப் பற்றி முடிவு செய்ய நோயாளிக்குத் தேவையான விவரங்களை டாக்டர் சொல்லத்தான் வேண்டும். "என்ன செய்யப் போறீங்க, என்ன ஆபத்து, செய்யாட்டி என்ன ஆகும்?" என்று கேட்கிற உரிமை படித்தவருக்கு மட்டும் உள்ளதல்ல. மொழி புரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். மேலே சொன்ன வழக்கில் டாக்டருக்குத் தண்டனை கிடைக்க 2011-லிருந்து 2016 வரை ஆனது. அத்தண்டனையால் தொழிலாளியின் கைக்கு ஒரு காசு வராது. மருத்துவ மன்றத்தின் வேலை டாக்டரைத் திருத்துவது, அடிபட்டவருக்கு ஈடு கட்டுவது அல்ல. விசாரணை முடியும்வரை வேலையும் இல்லாமல், சம்பளமும் வராமல் தேக்காவைச் சுற்றித் திரிகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களுக்காகவே 2008-இல் கஃப் ரோட்டில் இலவசச் சாப்பாடு போடத் தொடங்கியது டி.டபிள்யூ.சி.டூ என்ற தொண்டு அமைப்பு. உழைத்த ஊரில் ஒருவன் தருமச் சோற்றுக்கு நிற்க வேண்டியிருப்பது யாருக்குப் பெருமை? விடுப்புச் சம்பளத்தை முதலாளிகள் கெடு தவறாமல் கொடுக்கிறார்களா என்பதை அமைச்சு இன்னும் கடுமையாகக் கவனிக்க வேண்டும். முதலாளியின் ஆள் டாக்டர் அறைக்குள் நுழைவதையும் தடுக்க வேண்டும். நோயாளி தனியாகப் பேசினால்தான் உண்மை வரும்.

தம்பியிடம் எம்.சி. தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டோம். முதல் தாளை மேற்பார்வையாளர் வாங்கி வைத்துக்கொண்டாராம். படம் எடுத்து வைக்கவில்லை. கம்பி விழுந்தபோது பக்கத்தில் நின்ற கூட்டாளியின் போன் நம்பர் மட்டும் இருக்கிறது. பரவாயில்லை, ஆஸ்பத்திரியில் பதிவு இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அமைச்சின் சேவை நிலையம் பெண்டிமியர் ரோட்டில், தேக்காவிலிருந்து அதிக தூரமில்லை. எட்டு மாதம் போய்விட்டது, ஓராண்டு முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. "நாளைக்கே போறேண்ணே" என்றான். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டதற்கு, "அம்மாவுக்குக் கை வீங்கியிருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கேன்" என்று மீதித் தோசையைத் தள்ளி வைத்தான்.