உள்ளே என்ன என்று கேட்கும் ஊருக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், அக்காமார்களுக்கும், அடுக்ககச் சங்கச் செயலாளர்களுக்கும்:

இதை எழுதுகிறவள் உங்கள் ஊர்ப் பெண். பாடியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பழகி, அந்தப் பழக்கத்தின் பலத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்தவள். யார் வீட்டுப் பெண் என்று உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மீதிப் பேர் விசாரித்துத் தெரிந்துகொள்வீர்கள். அந்த விசாரிப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற முறை இவள் ஊருக்கு வந்திருந்தபோது நடந்தது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமான ஒரு பொருளை, யார் உதவியும் இல்லாமல், தானே போனில் தேடி ஆர்டர் போட்டிருந்தார். வந்தது வேறு அளவு. ரிட்டர்ன் பட்டனையும் தானே அழுத்தினார். மறுநாள் சாயங்காலம் பார்சலை எடுக்க ஒரு பையன் வந்தான். அவனை மேலே விடவில்லை; அம்மாவைக் கீழே கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் மேஜை மேல் கவரைப் பிரித்து, பொருளை வெளியே எடுத்து, விரித்து, போட்டோ பிடித்தான். வாக்கிங் முடித்துத் திரும்புகிறவர்கள் நின்றார்கள். “யாருக்கும்மா இது, உங்களுக்கா?” என்றார் வாட்ச்மேன். “டாக்டர் எழுதிக் கொடுத்தாரா, நீங்களா வாங்கினீங்களா?” என்றார் ஓர் அக்கா. இன்னொருவர், தன் நாத்தனாருக்கும் இதே பிரச்சினைதான் என்று ஆரம்பித்தார்.

“வேணாம்ப்பா, கேன்சல் பண்ணிடு” என்று சொல்லிவிட்டு, பொருளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அம்மா மேலே வந்துவிட்டார். அது இப்போது பீரோவில் இருக்கிறது. பணம் போனது பெரிதல்ல. அதற்கப்புறம் அவர் சாயங்காலத்தில் கீழே இறங்குவதில்லை.

அந்தப் பொருள் என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

பார்சல் எடுக்க வந்த பையன் மேல் இவளுக்குக் கோபம் கிடையாது. அவன் கையிலிருக்கிற செயலி, நிறம் சரியா, டேக் இருக்கிறதா, கறை உண்டா என்று வரிசையாகக் கேட்கிறது. போட்டோ ஏறினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு, வெட்கப்படுகிற வாடிக்கையாளரோடு நின்று பேச நேரமும் இல்லை. அவன் கேட்டது வேலைக்கான கேள்வி. சுற்றி நின்றவர்கள் கேட்டது எதற்கான கேள்வி?

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்தின் துணியையும் உள்ளாடையையும் தைத்துக் கொடுக்கிற மாநிலம் நம்முடையது. ஆவடியில் 1960-களிலிருந்து படை வீரர்களுக்குச் சீருடை தைக்கிற அரசு ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டின் ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் காலையில் வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். தெற்கே கூடுவாஞ்சேரியில் தைத்த பிரா வெளிநாட்டு மால்களில் பளபளக்கும் விளக்கின் கீழ் தொங்குகிறது. திருப்பூர் ஜட்டியும் பனியனும் போகாத கண்டம் இல்லை. செக்கிங் டேபிளில் நிற்கிற பெண் காலையிலிருந்து இரவு வரை பீஸைப் புரட்டிப் பார்த்து, “சைஸ் அவுட், ரிஜெக்ட்” என்று ஓரமாகத் தள்ளுகிறாள். அவளை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. அதே பெண் வீட்டுக்கு வந்து, தனக்கு வாங்கியது அளவு சரியில்லை என்று சொல்வதற்கு மட்டும் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது?

கூச்சம் நம் மரபு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1968-ல் இந்திய அரசு நிரோத் ஆணுறையை மக்களிடம் கொண்டுபோனபோது, அதைச் சுமந்து சென்றவை டீத்தூளும் சோப்பும் விற்கிற கம்பெனிகளின் வண்டிகள். பெட்டிக்கடைப் பலகையில் தீப்பெட்டிக்கும் பீடிக்கட்டுக்கும் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்யப்போய், ஊராரின் பேச்சுக்கும் குடும்பப் பிரிவுக்கும் ஆளானார். பிறகு 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 2017-ல் நாப்கினுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள், நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி அடுத்த ஆண்டு ஜூலையில் எடுத்தார்கள். டிவி விவாதம், நாடாளுமன்றப் பேச்சு, இந்திப் படம் என்று எல்லாம் ஆயிற்று. ஆனாலும் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து மருந்துக்கடையில் நாப்கின் கேட்டால் முதலில் செய்தித்தாள், அதற்கு மேல் கறுப்புக் கவர். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. காய்கறிக்காரரிடம் கவர் கேட்டால் முறைக்கிறார். நாப்கினுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கவர் முளைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று இவள் தேடிப் படித்தாள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதே மாதம் வந்த மின்வணிக விதிகள், விளம்பரத்தில் காட்டியது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும் விற்பவர் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்கின்றன. இணையக் கடைக்குக் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். உள்ளாடைக்கு ரிட்டர்ன் இல்லை என்று பல கடைகள் எழுதி வைத்திருப்பது, மனம் மாறித் திருப்புகிறவர்களுக்குச் சொல்வது. ஆர்டர் செய்த அளவு வராதபோது அதைக் காட்டி மறுக்க முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. வாடிக்கையாளர் நம்பிக்கையோடு கொடுத்த சொந்தத் தகவலை அடுத்தவரிடம் வெளியிடுவதும் முறையற்ற வணிக நடைமுறையாம். கடைக்காரரைக் கட்டிப்போட இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். கேட்டில் நின்று கேட்கிற அக்கம்பக்கத்துக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள இவளுக்கு அனுமதி வேண்டும். இவள் இருக்கிற நாட்டில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று எழுதிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதுதான் விதி. சுகாதாரக் காரணத்துக்காக முத்திரையிட்ட பொருளைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஜெர்மனியில் ஒருவர் இணையத்தில் மெத்தை வாங்கி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டு, பிறகு திருப்பி அனுப்பப் பார்த்தார். கடை மறுத்தது. வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. போட்டுப் பார்த்த சட்டையைத் துவைத்து மறுபடி விற்பதுபோல மெத்தையையும் சுத்தம் செய்து விற்கலாம், ஆகவே திருப்பும் உரிமை போகாது என்று 2019 மார்ச் 27-ல் தீர்ப்பு வந்தது. ஒரு மெத்தை உறைக்காக இத்தனை நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அவர் ஏன் அதை வேண்டாமென்றார் என்ற கதை தேவைப்படவில்லை.

இவள் தெருமுனையில் மஞ்சள் நிறப் பார்சல் பெட்டகம் ஒன்று நிற்கிறது. குறியீட்டைக் காட்டினால் ஒரு கதவு திறக்கும்; வைத்து மூடிவிட்டு வரலாம். வீட்டில் ஆளில்லை என்றால் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சீட்டு எழுதிப் போவார்கள். பக்கத்து வீட்டம்மா பார்சலை நீட்டி, மாலை வணக்கம் சொல்லி, கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்தக் கதவு சாத்துகிற சத்தம் இவளுக்கு எப்போதும் பிடித்திருக்கிறது என்று சொன்னால் பொய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, கொரட்டூரிலும் எஸ்டேட்டிலும் பட்டாபிராமிலும் தண்ணீர் நின்றபோது, இவள் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து அணைந்துபோன ஒரு போன் நம்பருக்கு அழைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவை மேல்மாடிக்குக் கூட்டிப்போனது யார், பிபி மாத்திரை எந்த டப்பாவில் இருக்கும் என்று தெரிந்து எடுத்து வந்தது யார், எங்கிருந்தோ பால் பாக்கெட் வாங்கி வந்தது யார்? நாத்தனார் கதை சொன்ன அதே அக்காதான். அம்மாவின் மாத்திரை டப்பா அவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. அதனால் இந்த மடலை எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான். விமானம் ஏறிப் போனவள் கேட்டில் நிற்கிறவர்களுக்கு நாகரிகம் சொல்லித்தர வருகிறாள் என்று தோன்றினால், அதிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிட்டீங்களா, மூட்டு வலி எப்படி இருக்கு, மகள் எப்ப வர்றா என்று ஆயிரம் கேளுங்கள். கவருக்குள் இருப்பதைக் கேட்கும்போது மட்டும் எதிரில் நிற்பவர் சுருங்கிப் போகிறார். அளவு தவறிய உள்ளாடையை மாற்றத் தயங்குகிறவர் அதையே போட்டுத் தோள்பட்டையில் தழும்போடு நடமாடுகிறார். மூல நோய்க்காக வாங்கிய வளையக் குஷன் கிழிந்து வந்தாலும் பேசாமல் இருந்துவிடுகிறார். இதே வாய்தான் நாளைக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் யாரிடம் சொல்வது என்று மாதக்கணக்கில் மூடியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 1954-ல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி எழுபது ஆண்டு ஆகிவிட்டது. முற்றிய பிறகு வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு ரிட்டர்ன் பார்சலில் தொடங்கி எங்கே போய் நிற்கிறாள் பார் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு, உங்கள் வீட்டுப் பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேட்டே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. தபால் நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல் போட்டால் சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதை விவரமாக எழுத வேண்டும். “பரிசு” என்று மட்டும் எழுதினால் போதாது. இவளுக்கு அம்மா அனுப்பிய பார்சலில் “பெண்கள் பருத்தி உள்ளாடை, 6” என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கவுன்டரில் இருந்தவர் எடை போட்டு, ஸ்டாம்ப் குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டாராம். அம்மா அதைப் போனில் சொன்னபோது குரலில் இருந்த நிம்மதியை இவள் இங்கிருந்தே கேட்டாள்.

ரிட்டர்ன் அனுப்புகிற அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் சில வார்த்தைகள். பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். உள் பாக்கெட்டின் சீலை உடைக்கும் முன் அளவு எண்ணைப் பாருங்கள். காரணம் என்ற இடத்தில் “அளவு மாறி வந்தது” போதும். கதை எழுத வேண்டாம். பையனை வீட்டு வாசல் வரை கூப்பிட்டு, கதவுக்கு உட்புறம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது கேட்டால் “ரிட்டர்ன் பார்சல்” என்று சொல்லிவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுங்கள். கடை பணம் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பொருளின் பெயரைச் சொல்லத்தான் வேண்டியிருக்கும், தைரியமாகச் சொல்லுங்கள். அது அவர்கள் வேலை.

சங்கச் செயலாளர்களிடம் ஒரு கோரிக்கை. கேட் நோட்டில் பெயர், வீட்டு எண், நேரம் என்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். பாதுகாப்புக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. அதற்கடுத்து “பொருள்” என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். ரிட்டர்ன் எடுக்க வருகிற பையன்களை லிஃப்டில் மேலே விடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை வைத்தால், இங்கே எத்தனை மணி ஆனாலும் இவள் வீடியோ காலில் வந்து பேசத் தயார். பேச மட்டும்தான் முடியும் என்பது இவளுக்கும் தெரியும். வீடு அம்மா பேரில் இருக்கிறது, ஓட்டும் அவருடையது. எந்தப் பக்கம் போடப்போகிறார் என்று அதற்குள் அவரிடம் போய் விசாரிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஸ்டுட்கார்ட்டிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்