வாழும் கருவிக்கு ஈமக்கடனா?

பழைய வானொலிப் பெட்டியைப் போற்றுவோரைக் கண்டால் நகைக்கும் கூட்டம் ஒன்று நம்மிடையே பெருகி வருகின்றது. "கைப்பேசியில் உலகமே பாடுகின்றது; இன்னும் இந்தக் கரகரப்பு எதற்கு?" என்பது அவர்தம் வினா. அந்தப் பற்றைப் பழைமை மோகம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கியும் விடுகின்றனர்.

பழையது என்பதற்காகவே ஒன்றிற்கு மாலை சூட்ட வேண்டும் என்பது நம் கருத்தன்று. வால்வு வானொலியைப் பெருவிலை கொடுத்து வாங்கி, ஒருநாளும் கேளாமல், வரவேற்பறையில் பொம்மையாக நிறுத்துவோரும் உளர். அவர்களுக்காக வாதாட நாம் வரவில்லை. நாம் பேசுவது அடுக்களை அலமாரியிலும் தேநீர்க்கடைப் பலகையிலும் இன்றும் பாடிக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டரைப் பற்றி.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அச்சிறு பொருள், 1954இல் சட்டைப்பை வானொலியாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இரண்டு பாட்டரிக் கட்டைகள் போதும். கோபுரமும் வேண்டா, மாதக் கட்டணமும் வேண்டா. ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் ஒலிபரப்பும் நிலையத்திற்குச் செலவு ஒன்றே. கேட்டவர் யார், எதைக் கேட்டார், எப்போது அணைத்தார் என்று அது எவரிடமும் கோள் சொல்வதும் இல்லை. இத்தனை நற்குணங்களும் வாய்ந்த புதுக்கருவி ஒன்றை நகைப்போர் காட்டட்டும்!

முள்ளைத் திருப்பும் உரிமை சிறிதன்று. 1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின்னர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. மக்கள் மனுவை நம்பி வாளாவிருக்கவில்லை. முள்ளைச் சற்றே நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடித்தனர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி பிறந்தது அந்த அமைதியான புறக்கணிப்பின் பயனேயாகும். கோப்பும் குறிப்பும் எழுதியே காலம் கழிக்கும் எம்மனோர்க்கு, மேல்முறையீடு இன்றி ஒரு கொள்கை மாறிய அவ்வரலாறு இன்றளவும் இனிக்கின்றது. இன்று செயலி உரிமையாளர் ஒரு பாட்டை நீக்கிவிட்டால் நாம் எந்த முள்ளைத் திருப்புவோம்?

பண்பலை இருக்கின்றதே என்பர். அதன் இனிமையை மறுப்பார் இலர். ஆயினும் பண்பலை ஏறத்தாழப் பார்வை எட்டும் தொலைவு வரையே செல்லும். மலையொன்று குறுக்கிட்டால் நின்றுவிடும். நடுஅலையோ நிலத்தைத் தழுவிச் செல்வது. பகலில் அதனை விழுங்கும் வான்மின்படலத்தின் கீழடுக்கு இரவில் கலைந்துவிடுவதால், மேலடுக்கில் பட்டு மீண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்து விழும். கடலில் நிற்கும் மீனவனுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. 1947 நவம்பர் 12ஆம் நாள் காந்தியடிகள் தில்லி வானொலி நிலையத்திற்கு வந்து பேசியது, குருட்சேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளுக்காக. நேரில் செல்ல இயலாத இடத்திற்கு அன்று அவர் குரல் சென்றது.

கரகரப்பு உண்மைதான், மறைப்பானேன்? ஆனால் அதில் ஒரு பெரும்பங்கு நம் வீட்டு எல்.இ.டி. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல். குற்றவாளியை விட்டுச் சாட்சியைத் தண்டிப்பது போல, விளக்கை விட்டு வானொலியைப் பழிக்கின்றோம்.

நம் உண்மையான வழக்கு நகைப்போருடன் அன்று, ஒலிபரப்பிகளை அணைப்போருடன். பெட்டி பழுதடைந்தால் பற்றவைக்கலாம். எதிர்முனை ஓய்ந்துவிட்டால் அதனை எந்தத் தச்சன் சீராக்குவான்? அண்மை ஆண்டுகளில் நம் நாட்டின் நடுஅலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டன. பி.பி.சி. தமிழோசையின் வானொலிக் குரலும் 2017இல் ஓய்ந்தது. கேட்போர் குறைந்தனர் என்று காரணம் சொல்வர். நிகழ்ச்சியைக் குறைத்துவிட்டுக் கேட்போரை எண்ணுவது எவ்வகைக் கணக்கோ!

மாற்றாக டி.ஆர்.எம். என்னும் எண்முறை ஒலிபரப்பு முப்பதுக்கும் மேற்பட்ட நடுஅலை நிலையங்களில் பெரும்பொருட்செலவில் நிறுவப்பட்டது. நல்ல முறைதான், தெளிவான ஒலி, குறைந்த மின்செலவு. ஆனால் அதனைக் கேட்கும் கருவி புதிய மகிழுந்துகள் சிலவற்றில் இருக்கின்றது. ஏழையின் கைக்கெட்டும் விலையில் கடைத்தெருவில் இல்லை. அந்தப் பெட்டி தேநீர்க்கடைப் பலகைக்கு வந்து சேரும் வரையிலேனும் பழைய நடுஅலையை அணையாதிருங்கள் என்பதே நம் கோரிக்கை.