உங்க ஹேண்டிகேப் எவ்வளவு சார்?

கோல்ஃப் மைதானத்தில் முன்பின் தெரியாத ஆளிடம்கூட 'உங்க ஹேண்டிகேப் எவ்வளவு சார்?' என்று கேட்கலாம். கோபித்துக் கொள்ள மாட்டார். பெருமையாகப் பதில் சொல்வார். அங்கே ஹேண்டிகேப் என்றால் சலுகைக் கணக்கு. 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானத்தில் நீங்கள் வழக்கமாக 90 அடி அடிக்கிற ஆசாமியா? 18ஐக் கழித்துக் கொண்டு கில்லாடியோடு சரிசமமாக மோதலாம். நம்ம ஆபீஸ் இன்க்ரிமென்ட்டில் இப்படி ஒரு விதி உண்டா?

இப்படி ஒரு ஆட்டத்தை மாற்றுத்திறனாளிகள் ஆடினால் என்ன என்று நண்பரிடம் கேட்டேன். "பணக்காரன் ஆட்டம்யா அது. கால் சரியில்லாதவங்க எப்படி ஆடுவாங்க?" என்றார்.

ஆடலாம். கிரிக்கெட்டில் பந்து உங்கள் மேல் பாய்ந்து வரும். ஃபுட்பாலில் நீங்கள் அதைத் துரத்த வேண்டும். கோல்ஃப் பந்து, ரேஷன் கடை க்யூவில் போட்டு வைத்த செங்கல் மாதிரி, நீங்கள் வரும்வரை அப்படியே கிடக்கும். யாரும் வந்து இடிக்க மாட்டார்கள். ஆற அமர அடிக்கலாம்.

இங்கிலாந்தின் டக்ளஸ் பேடர் 1931ல் விமான விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால் பொருத்திய பிறகுதான் கோல்ஃப் பழகினார். விழுந்து விழுந்து பழகினார். இரண்டாம் உலகப் போரில் போர் விமானமும் ஓட்டினார். அமெரிக்காவில் கேசி மார்ட்டினுக்கு ஒரு காலில் ரத்த ஓட்டக் கோளாறு. போட்டியில் வண்டியில் போக அனுமதி கேட்டார், மறுத்தார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2001ல் மார்ட்டின் ஜெயித்தார்.

நம்ம நாட்டிலும் ஆள் இருக்கிறது. ஹரியானாவின் தீக்ஷா டாகருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 2022ல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் கோல்ஃபில் தங்கம். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸிலும் ஆடினார். அப்பா ராணுவ அதிகாரி, கோல்ஃப் ஆடுகிறவர், அவரே கோச். 'வாம்மா, அடிச்சுப் பாரு' என்று கூப்பிட வீட்டிலேயே ஆள் இருந்தது.

நான் இருக்கிற சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. கண் தெரியாதவர்கள், உள்ளே மணி போட்ட பந்தின் சத்தத்தை வைத்தே கிரிக்கெட் ஆடுகிறவர்கள். அசையாத பந்து அவர்களுக்கு எம்மாத்திரம்? திசை சொல்ல, மட்டையைப் பந்துக்கு நேராக வைத்துக் கொடுக்க, கூடவே ஒருவர் நிற்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த மாதிரி சலுகைகளை 2023லிருந்து கோல்ஃபின் பொது விதிப் புத்தகத்திலேயே, 25ஆம் விதியாகச் சேர்த்து விட்டார்கள்.

ஆக, ரூல் இடிக்கவில்லை. ரூட்தான் இடிக்கிறது. நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மெம்பர் கார்டை விடுங்கள், சக்கர நாற்காலிக்காரர் இங்கிருந்து அதன் வாசல் வரைக்காவது போக வேண்டாமா? கோர்ட் கேஸுக்கெல்லாம் பிறகு 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தள பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஆனால் எங்க பக்கம் வருகிற எல்லா பஸ்ஸும் அந்த ரகம் இல்லை. படி உயரமாக இருந்தால் அவர் ஆட்டம் பஸ் ஸ்டாப்பிலேயே முடிந்தது.

அதுவரை சும்மா இருப்பானேன்? கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம்தான். ஆபீஸ் வராந்தாவில் ஒரு பழைய கார்ப்பெட், படுக்க வைத்த டம்ளர், ஒரு பந்து, ஒரு மட்டை. உட்கார்ந்தபடியே, ஒற்றைக் கையாலேயே உருட்டிப் பழகலாம்.

உங்கள் செக்‌ஷனிலும் ஒருத்தர் இருப்பார். டிபார்ட்மென்ட் கிரிக்கெட் மேட்ச் என்றால் ஸ்கோர் எழுத மட்டும் அவரைக் கூப்பிடுவீர்கள். இந்தத் தடவை நோட்டை நீங்கள் வாங்கிக் கொண்டு மட்டையை அவரிடம் கொடுங்கள். அவர் உங்களை ஜெயித்துவிட்டால் கவலைப்படாதீர்கள். உங்களுக்கும் ஹேண்டிகேப் உண்டு!